சோளத்துக்குக் களை எடுக்கச் சொன்ன நெருப்பு

எனக்குப் பொட்டு வைக்க வராது. வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். ஐம்பது வயதாகிவிட்டது. உயர் அழுத்த மின்சாரத்தோடு காலமெல்லாம் குடித்தனம் நடத்தியவன். இன்றைக்கும் தெருவில் யார் வீட்டு மோட்டார் கருகினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்து எதன் மேலாவது வை என்று சொன்னால், என் விரல் குளிர்காய்ச்சல் வந்தவன் விரல் போல ஆடும். ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டுத் தையல் மெஷினிலிருந்து மிதிவண்டி வரை எல்லாவற்றுக்கும் என் மனைவி மரகதம்தான் பொட்டு வைப்பாள். நான் எட்டத்தில், மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். (மிதிவண்டிக்கு எதற்கு மெயின் ஸ்விட்ச் என்று கேட்காதீர்கள். பயத்துக்குக் கணக்குத் தெரியாது.)

இது சாமி நம்பிக்கை இல்லாததால் வந்த குணம் அல்ல. ஒரு பொட்டு என்னவெல்லாம் செய்யும் என்பதை நேரில் பார்த்தவன் நான். பார்த்ததோடு போகவில்லை, காதாலும் கேட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கோயமுத்தூரில், பீளமேட்டுப் பக்கம், பம்ப்செட் மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எஞ்சினீயராக இருந்தேன். எங்கள் முதலாளி பருத்திக் காட்டிலிருந்து மில்லுக்கும், மில்லிலிருந்து மோட்டாருக்கும் வந்தவர். ஊராரிடம் கொங்குத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சான தெலுங்குக்குப் போய்விடுவார். எனக்கு ரேடியோப் பைத்தியம் உண்டு என்று தெரிந்துகொண்டு, வார்ப்பட மணல் குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அங்கேதான் என் பெட்டி பிறந்தது.

அது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். ஒலிபரப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் அலையை, ஊர் ஊராகப் போய்ச் சேரும் அளவுக்குப் பலமாக்கித் தர ஒரு பவர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் ஒரே ஓர் அலைவரிசைக்கு மட்டும் இசைவாகக் கட்டப்பட்டது. குழந்தையைத் தூரியில், அதாவது கிளையில் கட்டிய ஊஞ்சலில், உட்கார வைத்து ஆட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரிக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தில் சுண்டுவிரலால் தள்ளினாலே போதும், கிளை வரைக்கும் போய்வரும். ஆனால் வேறு தாளம் வேண்டுமென்றால் தூரியை அவிழ்த்து, கயிற்றின் நீளத்தை மாற்றி, மறுபடி கட்ட வேண்டும். நான் கட்ட நினைத்தது எந்தத் தாளத்துக்கும் ஆடுகிற தூரி. எந்த அலைவரிசையைக் கொடுத்தாலும் ஒரு திருகைக்கூடத் தொடாமல் பலமாக்கித் தர வேண்டும். வெளிநாட்டில் அப்படிச் செய்துதான் இருந்தார்கள். ஆனால் கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். அந்த விரயத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் என் தவம்.

வழி கிடைத்த இடம் எங்கள் வீடு. ஒரு காலையில் மரகதம் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. காயிலுக்குக் கம்பியைத் தனித்தனியாகச் சுற்றாமல், இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கை வளையத்தில் சுற்றிப் பார்த்தால் என்ன? மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண்களிடம் கொடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சுற்றிக் கொடுத்தார்கள். சூடு பாதியாகக் குறைந்தது. வீட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது மரகதம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ற சடையில இருந்து திருடிப்போட்டு, என்கிட்டயே வந்து பெருமையுங்களா?"

நாங்கள் அவிநாசியில் மாமனார் வீட்டில் இருந்தோம். மரகதம் அங்கே பெண்கள் பள்ளியில் டீச்சர். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய், கட்டிலோடு கிடந்தார். அவருக்கு மரகதம் ஒரே பெண். புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து கஞ்சி ஊட்டுவது வரை அவள்தான். எங்கள் மகள் வசந்திக்கு அப்போது நடை பழகிய வயது. நான் தினமும் பஸ்ஸில் பீளமேடு போய் வருவேன்.

முதலாளியின் பொறுமை எல்லையை எட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் கூப்பிட்டார்.

"தம்பி, வானொலி இலாகாவுல இருந்து பெரிய அதிகாரி ஒருத்தர வரச் சொல்லியிருக்கறனுங்க. அவர் பாத்துட்டு நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாருன்னா, இதுக்குன்னு தனிப் பிரிவே போட்டுரலாம். நீங்கதான் அதுக்குத் தலை. இல்லீன்னா வருத்தப்படாதீங்க, கொட்டகையை மோல்டிங்குக்குக் குடுத்துருவேன்."

கொட்டகை போனால் எனக்கு அங்கே வேலை இல்லை. கையில் இருந்த இன்னொரு வேலை அஸ்ஸாமில், ஓர் ஒலிபரப்பு நிலையத்தில். நான் போனால் தனியாகத்தான் போக வேண்டும். படுத்த படுக்கையான தகப்பனை விட்டு மரகதம் வர முடியாது. அன்று சோறு போடும்போது கேட்டாள்.

"ஏனுங்க, அஸ்ஸாமுக்கு அவிநாசியில இருந்து நேர் பஸ் இருக்குதுங்களா?"

"பஸ்ல போனா, போய்ச் சேரறதுக்குள்ள வசந்திக்குக் கல்யாண வயசு வந்துரும்."

"அப்பக் கல்யாணத்துக்காச்சும் வந்து சேருவீங்களா?" என்று சிரித்தாள். பூகோளம் நடத்துகிறவளுக்கு அஸ்ஸாம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு, என் சோற்றுக்கு மேல் மறுபடி சோற்றையே போட்டாள்.

சோதனை நாள் நெருங்கியது. எங்கள் போர்மேன் கிட்டுசாமி அண்ணனுக்கு ஒரே ஒரு மனக்குறை. தொழிற்சாலையில் உள்ள லேத், துளை போடும் மெஷின், எடை போடும் தராசு எல்லாவற்றுக்கும் நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும் இருந்தன. என் பெட்டிக்கு மட்டும் இல்லை.

"ஒரே ஒரு பொட்டு வெக்க உடுங்க தம்பி. மூளியா நிக்கிறதப் பாத்தா மனசு கேக்க மாட்டீங்குது."

"அண்ணா, சந்தனம் ஈரம். குங்குமத்துல சுண்ணாம்பு இருக்குது. அதும் மேல மின்சாரம் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். போற வழியெல்லாம் கரியாகும். கரி ஆயிருச்சுன்னா அது கம்பி மாதிரி. அப்பறம் தீதான்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். இன்றைக்கு ஒரு வகுப்பில் பாடம் எடுத்தாலும் இதைவிட நன்றாகச் சொல்ல என்னால் முடியாது. பெட்டிக்குள் மின்சாரம் கசியாமல் காக்கும் பீங்கானை விரலால்கூடத் தொடக் கூடாது என்று கொட்டகைக் கதவில் எழுதியே ஒட்டியிருந்தேன். தூசி தட்டப் போனவரைத் திட்டி அழவும் வைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட மேதை.

அதிகாரி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வெறும் ஊதல் சத்தத்தை அனுப்பிக் காட்டினால் போதாது, மனிதக் குரல் வேண்டும். யாரைப் படிக்கச் சொல்வது என்று பேச்சு வந்தபோது முதலாளிதான் சொன்னார்.

"உங்க ஊட்டுல டீச்சரம்மா இருக்கறப்ப நாம எதுக்குங்க ஆள் தேடறது?"

மரகதம் விவசாயிகளுக்கு ஒரு குறிப்பு தயாரித்தாள். சோளக்காட்டில் களை எடுப்பது பற்றி. (அவளுக்குக் காடும் கிடையாது, சோளமும் கிடையாது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இருந்ததைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதினாள்.) ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை. மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "விவசாயப் பெருமக்களே!" என்று தொடங்குவாள். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பேச முடிந்திருந்தால், போதும் கண்ணு, நானே எழுந்து போய்க் களை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருப்பார்.

அன்று வெள்ளிக்கிழமை. மரகதம் கல்யாணத்துப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் வசந்தி. கையில் ஒரு தூக்குப்போசி, அதில் அவிநாசிக் கோயிலில் வாங்கிய சந்தனமும் குங்குமமும். அதைப் பார்த்ததும் கிட்டுசாமி அண்ணன் முகம் மலர்ந்தது. சரி போகட்டும் என்று, பெட்டியின் வெளிக்கதவில் மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வைத்தார். வசந்தியைக் காயில் சுற்றும் பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிகாரியின் கார் வருகிறது என்று எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். கொட்டகையில் நானும் அவளும் மட்டும்.

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசிப் பேசி அவளை அறுத்திருக்கிறேன். அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காட்ட வேண்டும் என்று ஆசை. உள்கதவைத் திறந்தேன். வெள்ளி பூசிய கம்பிகள், கண்ணாடி வால்வுகள், சடை போட்ட காயில்கள். கடைசியில், பலமான அலை வெளியே போகிற வழியில், கம்பி பெட்டித் தகட்டில் படாமல் காக்கும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம்.

மரகதம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். முதலில் அவள் கண் போனது சடைக்குத்தான். லேசாகத் தன் சடையைத் தொட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதுக்கு மூஞ்சி எதுங்க?"

நான் பீங்கானைக் காட்டினேன். "அதுதான். எல்லாம் அது வழியாத்தான் வெளிய போகோணும்."

அவள் மோதிர விரலைச் சந்தனத்தில் தொட்டாள். தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவளும் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தவள்தானே. என் அனுமதிக்காக விரலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் அஸ்ஸாம் இருந்தது, மாமனார் கட்டில் இருந்தது, வசந்தி இருந்தாள்.

நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளைப் பீங்கானில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. காய்ந்துவிடும், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அதிகாரி வந்தார். வடக்கே இருந்து வந்தவர், தமிழ் தெரியாது. சிரிக்கவும் தெரியாது போலிருந்தது. அனுமதியில்லாமல் வானத்தில் எதையும் அனுப்பக் கூடாது என்பதால், ஏரியலுக்குப் பதில் பெரிய பெரிய பல்புகளை வரிசையாகக் கட்டியிருந்தோம். வெளியே போக வேண்டிய சக்தி அந்தப் பல்புகளில் எரியும். மூலையில் ஒரு சாதாரண ரேடியோ. கசிகிற அலையை வாங்கி அது பேசும். மரகதம் பக்கத்து அறையில் மைக் முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் வராமல் இருக்க அந்த அறைக் கதவில் கம்பளி தொங்கவிட்டுச் சாத்தியிருந்தோம்.

முதலில் குறைந்த பலத்தில் ஆரம்பித்தேன். ஓர் அலைவரிசை, பிறகு இன்னொன்று, பிறகு மற்றொன்று. எதையும் திருகவில்லை, எதையும் தொடவில்லை. பல்புகள் ஒரே சீராக எரிந்தன. அதிகாரி பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. அவருடைய ஒரு புருவம் உயர்ந்தது. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்த நிமிஷத்தில் நான் அவிநாசியில் சொந்த வீடு கட்டி, வாசலில் கார் நிறுத்தி, வசந்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

முழு பலத்துக்கு ஏற்றி, குரலுக்குச் சைகை காட்டினேன்.

"விவசாயப் பெருமக்களே, வணக்கம்" என்றது ரேடியோ.

முதலில் வந்தது ஒரு வாசனை. கோயில் வாசனை. அதிகாரி மூக்கை உறிஞ்சிவிட்டு என்னைப் பார்த்தார். ஊதுவத்தி என்று நினைத்தாரோ என்னவோ. நான் பணிவாகச் சிரித்து வைத்தேன்.

அடுத்த நொடி பெட்டியின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு தீ நாக்கு நீண்டது. நீண்டது மட்டுமல்ல, பேசியது.

"சோளக்காட்டில் களை முளைத்தவுடன் எடுத்துவிட வேண்டும்."

ரேடியோவைவிடச் சத்தமாக, கொட்டகையின் தகரமெல்லாம் அதிர, நெருப்பு என் மனைவியின் குரலில் பேசியது. இதில் மாயம் எதுவும் இல்லை. அலையின் பலம் குரலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். அதே தாளத்தில் தீயும் பருத்து மெலிந்து காற்றை உலுக்கும். காற்று குலுங்கினால் சத்தம்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு நின்றதில் பயன் என்ன?

கிட்டுசாமி அண்ணன் "ஆத்தா!" என்று கும்பிட்டபடி தரையில் விழுந்துவிட்டார்.

"ஏமய்யா இதி!" என்று முதலாளி கத்தினார். தெலுங்கு வந்துவிட்டது.

அதிகாரி மட்டும் நிதானமாக, நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆங்கிலத்தில் கேட்டார்: "அது என்ன சொல்கிறது?"

"சோளத்துக்குக் களை எடுக்கச் சொல்கிறது, சார்" என்றேன்.

என் கைக்கு எட்டும் தூரத்தில் ஸ்விட்ச் இருந்தது. நான் அதை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அப்படி ஒரு குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அவள்தான், ஆனால் தொண்டை இல்லாமல், உடம்பு இல்லாமல், சுடர் மட்டும். நின்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். ஆபத்து வந்தால் தானாக விழ வேண்டிய ரிலேயும் விழவில்லை. அதிகாரி முன்னால் அது சும்மா சும்மா விழுந்து மானத்தை வாங்கக் கூடாது என்று முந்தின நாளே நான்தான் அதை இறுக்கி வைத்திருந்தேன். பழைய மாதிரிப் பெட்டியாக இருந்திருந்தால், தீப்பிடித்தவுடன் தாளம் தப்பி, பலம் குறைந்து, தானே அடங்கியிருக்கும். என்னுடையது எதற்கும் தளராத பெட்டி அல்லவா? பல்புக்குக் கொடுத்ததைப் போலவே நெருப்புக்கும் குறைவில்லாமல் ஊட்டியது.

பீங்கான் பட்டாசு போல வெடித்தது. வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்து அடங்கின. பல்புகள் அணைந்தன. கொட்டகை அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம், கம்பளிக்குப் பின்னால், எந்தப் பெட்டியும் பலமாக்காத வெறும் குரல் மெல்லக் கேட்டது. அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்.

"களை எடுத்த பிறகு அவசரப்படாமல் அடுத்த மழை வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். நன்றி, வணக்கம்."

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. புகையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சரியாப் படிச்சனுங்களா?"

"நல்லாப் படிச்ச" என்றேன்.

பெட்டியைத் திறந்தோம். கிண்ணத்தில் பெரிய துண்டு ஒன்று உடையாமல் கிடந்தது. அதில் ஒரு கரிக்கோடு வேர் மாதிரி கிளைத்து ஓடியிருந்தது. கோடு தொடங்கிய இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டத்தின் மிச்சம். யாரும் பார்ப்பதற்குள் அதை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் நெருப்பிலிருந்து வந்தது அது என்பதை இந்த எஞ்சினீயர் மறந்திருந்தார். அதிகாரி, "என்ன காரணம்?" என்று கேட்டபோது நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். பாதி துக்கம்தான்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பொட்டினால் வந்தது, பெட்டி நல்ல பெட்டி, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று. ஆனால் சுற்றி முதலாளி நிற்கிறார், கிட்டுசாமி அண்ணன் நிற்கிறார், வாசலில் காயில் சுற்றும் பெண்கள் கூடிவிட்டார்கள். பீங்கானைக் காட்டித் தலையாட்டியவன் நான். ஆனால் ஊர் என் தலையைப் பேசாது, அவள் விரலைத்தான் பேசும். அவள் கைராசி அப்படி, அவள் பொட்டு வைத்தால் பற்றிக்கொண்டு எரியும் என்று சாயங்காலத்துக்குள் அவிநாசி வரைக்கும் போய்விடும். பிறகு ஒரு சீமந்தத்துக்கு, ஒரு மஞ்சள் நீராட்டுக்கு யார் அவளைக் கூப்பிடுவார்கள்?

"வடிவமைப்பில் பிழை, சார்" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றார் அதிகாரி. அதோடு என் தூரி அறுந்தது.

அஸ்ஸாமுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கிட்டுசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் காரணம் தெரியாது. வெளிக்கதவில் தான் வைத்த பொட்டுதானோ என்று சந்தேகம்.

"என்னாலயாட்டம் இருக்குதுங்க தம்பி."

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. டிசைன் கோளாறு."

"எதா இருந்தா என்னங்க? உள்ள பல்லி உளுந்துருச்சுன்னு சொல்லியிருந்தா அந்தாளு நம்பியிருப்பாருங்களே!"

பல்லி! படித்த படிப்பு அத்தனையும் தலைக்குள் இருந்தும், ஒரு பல்லி எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பழியையும் தாங்குவதற்குக் கடவுள் படைத்த பிராணி, யாருக்கும் கெட்ட பெயர் வராது. ஒரு பல்லியின் பெயரைச் சொல்லியிருந்தால் நான் அவிநாசியிலேயே இருந்திருப்பேன். (இப்போதும் சுவரில் பல்லி ஓடினால் எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு எங்கே போனாய்?)

கோயமுத்தூர் ரயில் நிலையத்தில், வண்டி நகரும்போது, மரகதம் வசந்தியின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த மழை வரைக்கும் பொறுத்திருக்கோணுமுங்க, விவசாயப் பெருமகனாரே."

எத்தனையோ மழை வந்து போயிற்று. அங்கே எனக்கு ஒரே அலைவரிசையில் பாடும் பழைய பெட்டியைக் காவல் காக்கும் வேலை. ஊருக்கு வர விடுப்புக் கிடைப்பதே அரிது. முதல் முறை வந்து வீட்டு வாசலில் நின்றபோது, வசந்தி உள்ளே திரும்பி, "அம்மா, ஒறம்பரை வந்திருக்கறாங்க!" என்று கத்தினாள். விருந்தாளியை மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். வளர்ப்பு அப்படி. வாங்கிக் குடித்தேன்.

அடுத்த நாள் காலை மரகதம் அவளுக்குத் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். குங்குமம் இருந்தது ஒரு வெள்ளைப் பீங்கான் துண்டில். விளிம்பு உடைந்தது. கரிக்கோடு ஓடியது.

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. அவள் மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஆடாம இரு கண்ணு. நான் பொட்டு வெச்சா எஞ்சினீயர் பொட்டியே வெடிச்சுரும். நீ எம்மாத்திரம்?"

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அந்த வாரமே. உங்க கால்சட்டையத் தொவைக்கறப்பப் பையில இருந்துச்சுங்க. கால்லயும் அதே அளவுக்குப் புண்ணு இருந்துச்சு. நானும் டீச்சருதானுங்களே, கூட்டிப் பாக்கத் தெரியாதுங்களா?"

"ஏன் கேக்கல?"

"நீங்க எனக்காகச் சொல்லாம இருக்கறீங்க. நான் கேட்டுப்போட்டா, அப்பறம் நீங்க சொல்லாம இருந்ததுக்கு என்னங்க மருவாதி?"

அதற்குப் பிறகு அதுவே எங்கள் வீட்டின் நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. எது பழுதானாலும், "பொட்டு யார் வெச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. பால் திரிந்தாலும் அதே கேள்வி, வசந்தி கணக்கில் தவறினாலும் அதே கேள்வி. மாமனார் காலமான பிறகு நான் ஊரோடு திரும்பி வந்து, பாலிடெக்னிக்கில் வாத்தியாரானேன். அகல அலைவரிசை ஆம்ப்ளிஃபயர் பற்றி நடத்தும்போது காயில் முறுக்குவதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நடத்துவேன். அப்படிப்பட்ட பெட்டிகள் இப்போது எங்கெங்கோ ஓடுகின்றன. யார் யாரோ செய்தார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது சடை பின்னியிருப்பார்கள்.

போன ஆடியில் மரகதம் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், அந்த வாரம் தாண்டவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வசந்தி கேட்டாள், வீட்டில் அம்மா குரல் எங்கேயாவது டேப்பில் இருக்கிறதா என்று. தேடினேன். என்னென்னவோ இருந்தது. மந்திரிகள் பேச்சு, நாகசுரம், அஸ்ஸாமியப் பாட்டு. ஊரார் குரலையெல்லாம் ஊருக்கு அனுப்புவதையே தொழிலாகக் கொண்டவன் வீட்டில் அவள் குரல் ஒரு முழ டேப்பில்கூட இல்லை.

"அந்த நெருப்புல எப்பிடிங்கப்பா இருந்துச்சு அம்மா குரல்?"

பேசிக் காட்டலாம் என்று பார்த்தேன். "சோளக்காட்டில் களை முளைத்தவுடன்" என்று தொடங்கினேன். எனக்கு வந்தது ஒரு கிழட்டுக் கரகரப்பு. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வசந்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் வசந்தி வேலைக்குப் போனாள். எஞ்சினீயர். வடக்கே எங்கோ பாலைவனத்தின் ஓரத்தில் ஓர் ஒலிபரப்பு நிலையம். ஆசைப்பட்டு அவளே தேடிக்கொண்டது. செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பெட்டி கட்டுகிற நேரம் முழுக்கப் பின்னாலேயே நடந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ரிலேயை இறுக்காதே. கதவைத் திறக்குமுன் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கு. உள்ளே ஒரு கையை விடும்போது இன்னொரு கை பைக்குள் இருக்கட்டும்.

"சேலைக்குப் பை எங்கீங்கப்பா இருக்குது?"

"அப்ப முதுகுக்குப் பின்னாடி வெச்சுக்க."

"செரீங்கப்பா."

ரயிலடிக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. அவள் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரமாயிற்று. ஊருக்குக் கிளம்புகிற எந்த நாளும் அவள் நெற்றிக்குத் தானே வைத்துக்கொண்டதில்லை, அம்மாதான் வைத்து அனுப்புவாள்.

பீங்கான் துண்டில் குங்குமம் இருந்தது, மரகதம் கொட்டி வைத்தது. விரலால் தொட்டேன். வழக்கம் போலத் தொடங்கிவிட்டது நடுக்கம். பாதிக் குங்குமம் அவள் மூக்கின் மேல் உதிர்ந்தது. மறுபடி தொட்டேன். வசந்தி கண்ணை மூடிக்கொண்டு முகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"பயப்படாம வெய்யுங்கப்பா" என்றாள். "நான் வெடிக்க மாட்டேன்."

வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. அதைத் துடைக்காமலே பஸ் ஏறினாள்.